ஜன்னலோரத்து இடம்

செங்கமலத்தை இன்ன கலைஞர் என்று சொல்லிவிட முடியாது. படம் வரைவார். மேடையில் ஆடுவார். துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் சங்கொலிகளைப் பதிந்து வந்து இருட்டறையில் ஒலிக்க விடுவார். இத்தனையும் போதாதென்று, மற்றவர்களின் படைப்புகளைத் தேடிப் பிடித்து, ராயபுரத்துப் பழைய மிளகாய்க் கிடங்கு ஒன்றில் கண்காட்சியும் அமைப்பார். உள்ளே நுழைந்தால் இன்னும் தும்மல் வரும். ஆனாலும் அந்தச் சுவரில் ஒருமுறை தொங்கிவிட்டால் போதும் என்று தவம் கிடப்பவர்கள் ஊரில் நிறைய.

அவருடைய சீடர் குணசீலன். வயதில் சீடர்தான் மூத்தவர். துறைமுகத்தில் வரைபடம் போடும் உத்தியோகத்தை உதறிவிட்டு, 'டீச்சர், டீச்சர்' என்று செங்கமலத்தின் பின்னால் வந்துவிட்டார். கண்காட்சிக்குக் கண்காட்சி படங்களைச் சுவரில் மாட்டுவது அவர் பொறுப்பு. அளக்கும் டேப்பும் மட்டம் பார்க்கும் ரசமட்டமும் கையில் இருந்தால் மனுஷனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

அவரிடம் ஒரு நீலக் குழாயும் இருந்தது. வரைபடங்களைச் சுருட்டி வைப்பார்களே, அந்தக் குழாய். அதற்குள் அவர் வரைந்த கடல் இருந்தது. கழித்துப் போட்ட கப்பல்துறை வரைபடங்களின் மேலேயே, கோடுகள் மூழ்க மூழ்க வரைந்த கடல். ஒவ்வொரு கண்காட்சிக்கும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். மூடியைத் திறக்காமலே திரும்பக் கொண்டுபோவார். என்றைக்காவது டீச்சர் 'அதில் என்ன?' என்று கேட்டுவிட மாட்டாரா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். டீச்சர் கேட்டதில்லை. பந்தி பரிமாறுகிறவரை யார்தான் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார்கள்?

இந்த முறை விஷயம் வேறு. கிடங்கை விற்றாகிவிட்டது. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். அங்கே இதுதான் கடைசிக் கண்காட்சி. மறுநாள் திறப்பு.

மத்தியானம் குணசீலன் எல்லாப் படங்களையும் மாட்டி முடித்து ஏணியை விட்டு இறங்கினார். டீச்சர் சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்.

"சரி" என்றார். எப்போதும் அந்த ஒரு வார்த்தைதான்.

குணசீலன் வழக்கம்போல ஏணியை எடுக்கப் போகவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"யார் யாருக்கோ இந்தச் செவுத்துல இடம் குடுத்தீங்க. இன்னிக்கி நேத்து வரைய ஆரம்பிச்சவங்களுக்குக்கூடக் குடுத்தீங்க. எனக்கு மட்டும் ஏன் டீச்சர் குடுக்கல?"

கேட்டுவிட்டு, குழாயின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

டீச்சர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்து நான் படங்களைச் செவுத்தோரமா தரையில சாத்தி வச்சுட்டுத்தானே போனேன்?"

"ஆமா. எப்பவும் அப்படித்தானே வைப்பீங்க? அந்த வரிசை மாறாமத்தான் மாட்டியிருக்கேன்."

"வரிசை மாறல. நடுவுல ஒரு இடம் விட்டிருந்தேனே?"

வேலையைப் பற்றிய பேச்சு என்றதும் குணசீலனுக்குத் தெம்பு வந்துவிட்டது.

"ஜன்னலோரமாத்தானே? ஒரு ஆள் கையை விரிச்சு நிக்கலாம், அவ்ளோ இடம்! பாக்க ஓட்டைப் பல்லு மாதிரி இருந்துச்சு. அளந்து, எல்லாப் படத்துக்கும் நடுவுல சமமாப் பிரிச்சு விட்டுட்டேன். இப்ப ஒரு நூல் பிசகு கண்டுபிடிங்க பாப்போம்."

"போன கண்காட்சியில?"

"அப்பவும் நீங்க ஒரு எடத்துல அதிகமா விட்டிருந்தீங்க. சரி பண்ணிட்டேன்."

"அதுக்கு முன்னால?"

"அதுலயும்..."

குணசீலன் திரும்பிச் சுவரைப் பார்த்தார். எல்லாப் படங்களும் வகுப்பில் முதல் வரிசைப் பிள்ளைகள் போல ஒழுங்காக நின்றன. ஜன்னலோரத்தில் யாருடையதோ ஒரு படம் தொங்கியது. அவர் மாட்டியதுதான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, டீச்சர்?"

"காலி இடத்தைப் பாத்ததும் உங்க கை எதை எடுக்குதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் டேப்பைத்தான் எடுத்துச்சு."

குணசீலனுக்குக் கண் நிறைந்துவிட்டது. எந்த இடத்துக்காக இத்தனை வருஷம் ஏங்கினாரோ, அதைத் தன் கையாலேயே அளந்து ஊருக்குப் பங்கு வைத்திருக்கிறார். அதிலும் எவ்வளவு நேர்த்தி!

"அப்ப என் இடம் போச்சா?"

டீச்சர் எழுந்து சுவருக்குப் போனார். இரண்டு படங்களுக்கு நடுவே விரல்களை வைத்தார். பிறகு அடுத்த இரண்டுக்கு நடுவே வைத்தார்.

"எங்கயும் போகல. இங்க நாலு விரக்கடை இருக்கு. இங்க நாலு விரக்கடை இருக்கு. பங்கு போட்டுக் குடுத்தது நீங்கதானே? நீங்களே திருப்பி எடுத்துக்குங்க. திறப்பு நாளைக்குத்தான். ஏணியை இன்னும் எடுக்கல."