கியர் வண்டிக்கு வெள்ளைப் பூ

கொல்லிமலை அடிவாரத்தில் சாமியம்மா மடம் என்று ஒன்று உண்டு. மடம் என்றதும் கோபுரத்தையும் மண்டபத்தையும் தேட வேண்டாம். ஓட்டுக் கூரை, உள்ளே கல்லாய் ஓர் அம்மன், ஒரு விளக்கு, வருகிறவர்களுக்கு ஒரு வேளைச் சோறு, அவ்வளவுதான். வேலிக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. சாமியம்மா அதிகம் பேசமாட்டார். பேசிவிட்டால் அதைத் தட்ட அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை.

ஓர் அமாவாசைக் காலையில் காளியண்ணன் தன் மனைவி தெய்வானையோடு அங்கே வந்து இறங்கினார். நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். வாலிபத்தில் வடநாடு பூராவும் லாரி ஓட்டியவர். சாமியம்மாவுக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. என்றாலும் அந்த அம்மாளின் ஒற்றைச் சொல்லில் குடியை விட்ட நாளிலிருந்து அவர் சீடர்தான். வயதைப் பார்த்தா குரு வாய்க்கிறார்?

வந்தது பஸ்ஸில். காளியண்ணன் பஸ்ஸில் போவது சூரியன் மேற்கே உதித்த மாதிரி. வீட்டிலிருந்த பழைய காரை அவசர அவசரமாக விற்றுவிட்டார், புதுசு இன்னும் வாங்கவில்லை.

தெய்வானை கும்பிட்டுவிட்டு நேரே சமையல்கட்டுக்குப் போய்ச் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார். அவர் போகும்வரை காத்திருந்தார் காளியண்ணன். பிறகு மஞ்சப்பையிலிருந்து இலையில் சுற்றிய இரண்டு பொட்டலங்களை எடுத்துச் சாமியம்மாவின் முன்னால் வைத்தார்.

"என்னப்பா இது?"

"பூ வாக்குக் கேக்கோணுங்க சாமி."

அந்தப் பக்கத்து வழக்கம் அது. ஒரு இலையில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. உள்ளே இருப்பது வெளியே தெரியாமல் கட்டி அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வந்த நிறம்தான் அம்மன் சொன்ன சொல். பெண் எடுக்கவும் கிணறு வெட்டவும் கேட்பார்கள். கார் வாங்கக் கேட்டவர் அதுவரை யாருமில்லை.

"எதுக்கு?"

"காரு வாங்கறமுங்க. கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கான்னு வீட்டுல ஒரே ரோசனை. வெள்ளை வந்தா கியர் வண்டிங்க. செவப்பு வந்தா ஆட்டோமேட்டிக். உங்க கையால ஒண்ணை எடுத்துக் குடுத்துருங்க சாமி."

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"மகளும் மருமகனும் கியர் வண்டியே வாங்குங்கறாங்க. மைலேஜ் கெடைக்கும், மலைக்கு நல்லா இழுக்கும், வெலையும் கம்மிங்க."

"தெய்வானை என்ன சொல்லுது?"

காளியண்ணன் சிரித்தார். "அவளுக்கென்னங்க தெரியும்? லைசென்ஸ் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கறா. பீரோவுல பத்தரமா இருக்குது."

சிரிக்கிற விஷயம் இல்லை அது. தெய்வானை டிரைவிங் ஸ்கூலில் ஒழுங்காகப் படித்தவர். ஆர்.டி.ஓ. ஆபீசில் முதல் தடவையே தேறியவர். ஆனால் வீட்டுக் கார் சாவி அவர் கைக்கு ஒருநாளும் வரவில்லை. கேட்டபோதெல்லாம், "மேட்டுல நிறுத்தி எடுக்கத் தெரியுமா உனக்கு? பின்னாடி நிக்கறவன் கதி என்னாகறது?" என்று நாலு பேர் முன்னால் கேலி பேசியே காளியண்ணன் காலத்தை ஓட்டிவிட்டார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த் தெய்வானையும் கேட்பதை விட்டுவிட்டார்.

"நீ என்ன சொல்றே?" என்றார் சாமியம்மா.

"நான் என்னத்தைச் சொல்றதுங்க? ஆத்தா எது குடுத்தாலும் சரிதானுங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் முகம் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்தது அவர் முகம்.

சாமியம்மா ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தார். அம்மன் காலடியில் வைக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே நாரை அவிழ்த்தார். சிவப்பு.

காளியண்ணன் சட்டென்று கும்பிட்டார். "உத்தரவாயிருச்சுங்க சாமி. ஆத்தா சொல்லிட்டா. நான் போயி..."

சாமியம்மா இரண்டாவது பொட்டலத்தையும் அவிழ்த்தார்.

அதிலும் சிவப்பு.

சமையல்கட்டில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று காளியண்ணனுக்குத் தோன்றியது.

"வெள்ளை அரளி கெடைக்கலியாப்பா?"

"கெடைச்சுதுங்க."

"அப்புறம்?"

காளியண்ணன் மஞ்சப்பையை மடித்து மடித்து விரித்தார். சாமியம்மாவும் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். கேட்காமல் இருப்பதைத்தான் தாங்க முடியாது.

"கியர் போடாத வண்டி உப்புப் போடாத கஞ்சின்னு ஊரெல்லாம் பேசினவன் நானுங்க," என்று கடைசியில் ஆரம்பித்தார். "கூட்டாளி ஒருத்தன் ஆட்டோமேட்டிக் வாங்கினப்ப, பொம்மைக் காரு வாங்கிட்டு வந்துட்டான்னு ஆபீஸ்ல வெச்சே சிரிச்சனுங்க. இப்ப நானே அதை வேணும்னா ஏன்னு கேப்பாங்க. சாமியம்மா கையால பூ வந்துச்சுன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"ஏன் வேணும்?"

காளியண்ணன் தன் இடது காலைப் பார்த்தார். யாரோ விட்டுப்போன சாமானைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இது செத்துப்போச்சுங்க சாமி. சக்கரை. நடக்குது, நிக்குது. பாதத்துல உணர்ச்சி இல்லை. கிளட்ச் மேல இருக்குதா, கீழ தரையில இருக்குதான்னு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியுது."

"எப்பத் தெரிஞ்சுது?"

"கொஞ்ச நாளாவே மந்தமாத்தான் இருந்துதுங்க. போன மாசந்தான்..." நிறுத்தினார். "வாசல்ல வண்டியை எடுத்தனுங்க. தெய்வானை கேட்டைத் தொறந்துட்டிருந்தா. நான் முதல் கியர் போட்டு, கிளட்ச்சை மிதிச்சுட்டு நிக்கறன். மிதிச்சுட்டுத்தான் நிக்கறன்னு நெனச்சனுங்க. காலு எப்ப வழுக்குச்சுன்னு எனக்குத் தெரியாது. வண்டி ஒரே குதி. கேட்டுல இடிச்சு நின்னுது. அவளுக்கும் வண்டி இடிச்ச எடத்துக்கும் நடுவுல ஒரு சாண்தானுங்க."

"என்ன சொன்னே?"

"பூனை குறுக்க வந்துச்சுன்னு சொன்னனுங்க."

"தெய்வானை?"

"ஒண்ணும் சொல்லலீங்க. வளைஞ்ச கேட்டையே பாத்துட்டு நின்னா." காளியண்ணன் கையைச் சாணாக விரித்துப் பார்த்தார். "பேரன் அவ இடுப்புல இருந்தானுங்க சாமி."

சாமியம்மா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

"டாக்டர்கிட்டப் போனியா?"

"மாத்திரை வாங்கறதோட சரிங்க. காலைப் பத்தி வாயைத் தொறக்கல. ஓட்டாதேன்னு சொல்லிப்போட்டாங்கன்னா?" அவர் கையைப் பிசைந்தார். "ஓட்டறதை உட்டுட்டா நான் யாருங்க சாமி? எங்கம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நானு. மக பெரசவத்துக்கு வலியோட கொண்டுபோனதும் நானு. பின்னாடி உக்காந்து சன்னல் வழியா வேடிக்கை பாத்துட்டு வர்றவனா நானு?"

சாமியம்மா அவிழ்த்த நாரைச் சுருட்டி வைத்தார்.

"ஆட்டோமேட்டிக் வந்துட்டாத் தீந்துதுங்க," என்றார் காளியண்ணன், அவசரமாக. "அதுல கிளட்ச்சே கெடையாது. இடது காலுக்கு ஒரு வேலையும் இல்லை. மடக்கி வெச்சுட்டு உக்காந்துக்கலாம். வீட்டுல ஒருத்தருக்கும் தெரிய வேண்டியதில்லை. பொய்யின்னும் இல்லீங்க, நல்ல வண்டிதானுங்க."

சாமியம்மா இரண்டு இலையிலிருந்த பூவையும் அள்ளி அம்மன் காலடியில் போட்டார். எழுந்தார்.

"வெயில் ஏறுது. மாட்டை மாத்திக் கட்டிட்டு வரலாம், வாப்பா."

மடத்துக்குப் பின்னால், வேலிக்குள்ளேயே, மேய்ச்சல் காடு. மழை பெய்து புல் முளைத்திருந்தது. புல்லோடு நெருஞ்சியும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துப் படர்ந்திருந்தது. பார்க்க அழகான செடி, மிதித்தால் தெரியும் அதன் யோக்கியதை. சாமியம்மா பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். அப்படியும் இரண்டு இடத்தில் நின்று, ஒற்றைக் காலில் குனிந்து முள்ளைப் பிடுங்கி எறிந்தார்.

"பாத்து வாப்பா."

"நமக்கென்னங்க சாமி, லாரிக்காரன் காலு. தார் ரோட்டுல வெந்த காலு. முள்ளு நம்மளைப் பாத்து ஒதுங்கோணும்."

மனபாரத்தை இறக்கி வைத்துவிட்ட தெம்பு. ஆளுக்கு மனசு லேசானால் வீராப்பு தானாகத் திரும்பி வந்துவிடுகிறது. ஒரு தடவைகூட நிற்காமல் அந்தக் காட்டைக் கடந்து போனார். மாட்டை அவிழ்த்தார், புல் நிறைந்த பக்கமாக இழுத்துப் போய் முளையடித்துக் கட்டினார்.

வேப்பமரத்தடியில் ஒரு பலகைக் கல் கிடந்தது.

"உக்காரு," என்றார் சாமியம்மா.

உட்கார்ந்தார். சாமியம்மா எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"காலைக் குடு."

காளியண்ணன் பதறிப்போனார். "சாமி! என் காலை நீங்க தொடறதாவது! பாவம் புடிக்குமுங்க."

"குடுப்பா."

மறுக்க முடியவில்லை. இடது காலை நீட்டினார். சாமியம்மா அதைத் தன் மடியில் வைத்து, மண்ணைத் துடைத்து, நெருஞ்சி முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கல்லின் மேல் வைத்தார். காளியண்ணன் கூசிக் குறுகி உட்கார்ந்திருந்தார். வலியால் இல்லை, வெட்கத்தால்.

"அதுதான் சொன்னனுங்களே சாமி. இது செத்த காலு."

"அந்தக் காலு."

வலது காலை நீட்டினார். குரு தன் பாதத்தைப் பிடித்திருப்பதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு கார் கொண்டை ஊசி வளைவில் ஏறிக்கொண்டிருந்தது. ஆடிக்குப் புது வண்டியில் இதே வழியில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று நினைத்தார். பேரனுக்கு வளைவுகளை எண்ணச் சொல்லித் தரலாம். இடது காலைச் சும்மா மடக்கி வைத்துக்கொண்டால் போயிற்று. கார் மரங்களுக்குள் மறைந்துவிட்டது.

சாமியம்மா இன்னும் ஆரம்பிக்கவில்லையே என்று அவருக்குத் தோன்றியது.

"முள்ளு இருந்தா எடுங்க சாமி. நான் தாங்கிக்குவேன்."

"எடுத்தாச்சு."

காளியண்ணன் திரும்பிப் பார்த்தார்.

கல்லின் மேல் முள் கிடந்தது. இந்தப் பக்கம் ஒரு குவியல், அந்தப் பக்கம் ஒரு குவியல். சாமியம்மாவின் முந்தானையில் ரத்தம். அவருடைய கட்டைவிரல் வலது பாதத்தின் நடுவில், ரத்தம் வந்த இடத்தில், அழுத்திக்கொண்டிருந்தது. நன்றாக, நகம் வெளுக்கும்படி அழுத்திக்கொண்டிருந்தது. காளியண்ணனின் கண்ணுக்கு அது தெரிந்தது. பாதத்துக்குத் தெரியவில்லை.

இத்தனை நாளும் செத்த காலையே பார்த்துப் பார்த்து, மற்றதை ஒருநாளும் பார்க்கவில்லை.

"அந்தப் புது வண்டியில," என்றார் சாமியம்மா, "பிரேக்கு எந்தக் காலப்பா?"

காளியண்ணன் அந்த விரலுக்கடியில் இருந்த வலது காலைப் பார்த்தார். பெற்ற தாய் செத்தபோது ஊர் பார்க்க அழாத மனுஷன், மாடு மேய்கிற காட்டில் கல்லின் மேல் உட்கார்ந்து அழுதார். சாமியம்மா தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தார்.

"பந்தி போட்டாச்சு, வாங்க ரெண்டு பேரும்!"

மடத்துப் பக்கமிருந்து தெய்வானையின் குரல். ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி, காட்டின் ஓரத்தில் நின்று கூப்பிட்டார். இவர் அழுவது அங்கிருந்தே தெரிந்ததோ என்னவோ, வேறொன்றும் கேட்கவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, நெருஞ்சிக்குத் தப்பி, கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து இவர்களை நோக்கி நடந்து வர ஆரம்பித்தார்.

காளியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெதுவாகக் கேட்டார்:

"அப்ப நான் எந்த வண்டியைத்தான் வாங்கறதுங்க சாமி?"

சாமியம்மா அவர் காலை மெல்லத் தரையில் இறக்கி வைத்தார்.

"ஓட்டப் போறவங்க அதோ வர்றாங்க. அவங்களைக் கேளு."