உண்மையானாலும் பொய்யானாலும்

சென்னையில் ஒரு கணித ஆய்வு நிறுவனம். அங்கே சுகிர்தா, குமரேசன் என்று இரண்டு பேர் ஒப்பந்த வேலையில் இருந்தார்கள். பாளையங்கோட்டைக் கல்லூரியில் ஒன்றாகப் படித்து, இருபது வருஷமாக விட்டுப் பிரியாத சிநேகிதர்கள். இருவருக்கும் ஜூன் மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. காலியாக இருந்த நிரந்தர வேலை ஒன்றே ஒன்றுதான். எனக்குக் குமரேசன் மேல் கோபம் உண்டு. அதை முன்பே சொல்லிவிடுகிறேன். நீங்கள் தீர்ப்புச் சொல்லும்போது என் கோபத்தைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நிறுவனத்தில் நெடுநாளாக யாருக்கும் பிடிபடாத கேள்வி ஒன்று இருந்தது. ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றுதான் அதற்கு விடை. எந்த விடை என்று யார் நிரூபிக்கிறாரோ அவருக்கே அந்த வேலை என்று இயக்குநர் மெஹருன்னிஸா அறிவித்திருந்தார்.

கணிதக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உண்மையா பொய்யா என்று தெரியாத ஒன்றை ஊகம் என்று பெயரிட்டு வைத்துக்கொண்டு, 'அது உண்மையானால்' என்று தொடங்கிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். மாப்பிள்ளைக்கு விசா கிடைத்தால் என்று சொல்லிக்கொண்டே கல்யாண மண்டபம் பார்க்கிற மாதிரிதான். சுகிர்தாவும் அப்படி ஒரு பழைய ஊகத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வருஷம் உழைத்தாள். அந்த ஊகம் உண்மையானால், கேள்விக்கு விடை 'ஆம்' என்று நிரூபித்தும்விட்டாள். ஆனால் ஊகம் உண்மைதானா என்பது உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஆகவே அவள் கையில் இருந்தது பாதி நிரூபணம்.

அதை அவள் முதலில் காட்டியது குமரேசனிடம். பாதியை வெளியிட்டால் சிரிப்பார்கள், கொஞ்சம் பொறு என்று அவன் சொன்னான். அவளும் பொறுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், முழுவதையும் ஒருமுறை எழுதிக் காட்டு என்று கேட்டான். தேநீர் அறைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினாள்.

அந்தக் கரும்பலகைக்கு ஒரு வழக்கம் இருந்தது. எழுதியதை அன்றே அழித்துவிட்டால் அது எழுதியவரின் சொந்த விஷயம், வேறு யாரும் தொடக்கூடாது. அழிக்காமல் மறுநாள் வரை நின்றுவிட்டால் எல்லாருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் எடுத்து மேலே வேலை செய்யலாம். எடுத்தவர் தன் கட்டுரையின் முதல் பக்கத்தில் எழுதியவரின் பெயரையும் சேர்த்துப் போட வேண்டும். இதை மீறியவர்கள் அதுவரை யாரும் இல்லை.

சுகிர்தா எழுதி முடித்தபோது நேரமாகிவிட்டது. டஸ்டரை எடுக்கப் போனவளைக் குமரேசன் தடுத்தான்.

"நான் அழிச்சிருதேன். நீ போ, பஸ் போயிரும்."

அவன் அழிக்கவில்லை. திங்கட்கிழமை மதியம் துப்புரவுப் பணியாளர் துடைக்கும் வரை அது அப்படியே நின்றது.

நாலு மாதம் கழித்துக் குமரேசனின் கட்டுரை வந்தது. முதல் பாதி, ஊகம் உண்மையானால் விடை 'ஆம்'. அது சுகிர்தா பலகையில் எழுதியதேதான், வரிசைகூட மாறவில்லை. இரண்டாம் பாதியை அவனே கண்டுபிடித்திருந்தான்: ஊகம் பொய்யானாலும் விடை 'ஆம்'. ஒன்று உண்மையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பொய்யாக இருக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. எனவே ஊகத்தைப் பற்றி எதுவும் தெரியாமலேயே விடை 'ஆம்' என்று உறுதியாகிவிட்டது. அருமையான வேலைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் பக்கத்தில் குமரேசன் பெயர் மட்டும் இருந்தது. கடைசிப் பக்கத்தில், உரையாடியதற்காக நன்றி என்று ஏழு பேர் பெயர். அதில் ஐந்தாவதாக சுகிர்தா.

அவள் கட்டுரையை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனாள். சண்டை போடத்தான் போனாள், ஆனால் கேட்டது இவ்வளவுதான்.

"எங்கிட்ட கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்லா?"

"போர்டுல நின்னுச்சுன்னா பொது. ஒனக்குத் தெரியாததா?" என்றான் அவன், கணினியிலிருந்து முகத்தைத் திருப்பாமல்.

விஷயம் மெஹருன்னிஸாவிடம் போனது. கேள்வியை முடித்து வைத்தது தான்தான் என்றும், தன் பாதி இல்லாவிட்டால் அவள் பாதி இன்னும் 'உண்மையானால்' என்றே தொங்கிக்கொண்டிருக்கும் என்றும் குமரேசன் வாதாடினான். பலகையில் நின்றதை எடுத்ததற்கு வழக்கமே தனக்கு அனுமதி என்றான். தன் பாதியை அவன் திருடிவிட்டான் என்று மட்டும் சுகிர்தா சொன்னாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். குமரேசனின் வாதம் நிற்குமா? அந்த வேலை யாருக்குச் சேர வேண்டும்?

விடை: நிரூபணத்தில் பிழை இல்லை, இரண்டாம் பாதியும் குமரேசனுடையதுதான், என் கோபம் அதை மாற்றாது. அவன் வாதத்தை மட்டும் அவன் கையாண்ட முறையாலேயே சோதித்துப் பாருங்கள். பலகை வழக்கம் இங்கே செல்லும் என்றால், முதல் பக்கத்தில் அவள் பெயரைப் போடாதது குற்றம். செல்லாது என்றால், அழிக்கிறேன் என்று சொல்லி ஏமாற்றி, அவளுடைய சொந்தப் பொருளை எடுத்தது குற்றம். ஒன்று செல்லும், இல்லையென்றால் செல்லாது. எப்படிப் பார்த்தாலும் அவன் குற்றவாளி. மெஹருன்னிஸா அப்படித்தான் தீர்த்தார். பாதி அவனுடையது என்பதால் கட்டுரையில் இரண்டு பெயரும் ஏறின. வேலையைப் பங்கு போட முடியாது, ஏமாற்றியவனுக்கு அதைக் கேட்கும் உரிமையும் இல்லை. ஆகவே அது சுகிர்தாவுக்குப் போனது. ஆணையைக் கையில் வாங்கியதும் அவள் உடனே போனை எடுத்தாள். இருபது வருஷமாக எந்த நல்ல செய்தியையும் முதலில் குமரேசனிடம்தான் சொல்லியிருக்கிறாள். அவன் எண்ணை அழுத்தப் போன பிறகுதான், இனி சொல்ல ஆள் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.