மூலாதாரத்தில் வலி

"அம்மா, என்னோட மூலாதாரத்துல ஏதோ நடக்குது" என்றார் நல்லசிவம்.

"என்ன நடக்குது?"

"வலிக்குது."

துளசிமணி அம்மா மிளகுக் கொடியைச் சில்வர் ஓக் மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"எந்த இடத்துல?"

நல்லசிவம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, முதுகுத்தண்டு முடிகிற நுனியைக் கூச்சத்தோடு தொட்டுக் காட்டினார்.

"அது வால் எலும்பு."

"அங்கதானே அம்மா மூலாதாரம் இருக்குங்கறாங்க."

"நான் காலேஜ்ல விலங்கியல் நடத்தினவ. அங்க மூலாதாரம் இருக்கான்னு எனக்குத் தெரியாது. வால் எலும்பு இருக்கு, அது தெரியும். டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன்."

"என்ன சொன்னார்?"

"முறிவு எதுவும் இல்ல, உட்கார்ந்து உட்கார்ந்து அழுத்தத்துல வந்ததுன்னார். கொஞ்ச நாளைக்கு சைக்கிள் வேண்டாம்னார். ஆபீஸ்ல அப்பப்ப எழுந்து நடக்கச் சொன்னார். பின்பக்கம் வெட்டு விட்ட மெத்தை ஒண்ணு வாங்கிக்கச் சொன்னார்."

"செஞ்சீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

அம்மா மறுபடி கயிற்றை எடுத்துக்கொண்டார். பேச்சு முடிந்தது.

நல்லசிவத்துக்குச் சுருக்கென்றது. அம்மா தன்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். இருந்தாலும் அம்மா என்று கூப்பிடுகிற மரியாதைக்காவது நின்று பேசியிருக்கலாம்.

நல்லசிவம் சேலத்தில் ஒரு இன்ஜினியர் ஆபீஸில் வீட்டுக்கு பிளான் வரைகிறவர். காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது சைக்கிளில் ஏற்காட்டு மலைப்பாதையில் ஏறுவார். பாதி மலையில், காப்பித் தோட்டத்துக்கு நடுவே, தகரக் கூரை போட்ட தியானக் கூடம் இருக்கிறது. துளசிமணி அம்மா நடத்துவது. அங்கே ஒரு மணி நேரம் கண்ணை மூடித் தரையில் உட்காருவார். பிறகு மறுபடி சைக்கிள்.

ஆக, வாரம் முழுக்க அந்த ஒரு சின்ன எலும்பின் மேல்தான் அவருடைய பிழைப்பு, பெருமை, ஞானம் எல்லாம் உட்கார்ந்திருந்தன.

உட்கார்ந்திருக்கும்போது ஆணியை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும். எழுந்திருக்கிற அந்த நொடியில் உயிரே போய்விடும். அந்த நொடிக்குப் பயந்தே அவர் எழுந்திருக்கமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வலி தாங்காமல், மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. உடம்பை அசைக்கவில்லை. அசைத்தால் இன்னும் வலிக்கும்.

அதைக் குப்புராஜ் பார்த்துவிட்டார்.

குப்புராஜ் பெயிண்ட் கடைக்காரர். எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு அர்த்தம் கண்டுபிடிக்காமல் விடமாட்டார்.

"பாத்தீங்களா? ஆனந்தக் கண்ணீர்!" என்று வெளியே வந்ததும் எல்லோரிடமும் சொன்னார். "மூலாதாரம் விழிச்சுக்கிட்டா அப்படித்தான். அடியில ஆரம்பிச்சு மேல ஏறும். சொல்லுங்க நல்லசிவம், அடியில ஏதாச்சும் தெரியுதா?"

"தெரியுது" என்றார் நல்லசிவம். பொய் இல்லை.

வலிதாங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் யாரோ அவர் முன்னால் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டார்கள். திருத்தச் சொல்லி பிளானைத் தவிர வேறெதையும் அவர் முன்னால் யாரும் வைத்ததில்லை.

வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த வாரம் முன்வரிசையில் அவருக்கு இடம் விட்டிருந்தார்கள். அதற்கடுத்த வாரம் சிலர் அவர் பக்கத்தில் உட்காரப் போட்டி போட்டார்கள். மெத்தை வாங்கலாம் என்ற யோசனையை அத்தோடு கைவிட்டார். மூலாதாரம் விழித்த மனிதர் ஓட்டை போட்ட மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால் நன்றாகவா இருக்கும்?

துளசிமணி அம்மாவும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு நாள் தியானம் முடிந்து நல்லசிவம் வெளியே வந்தார். சைக்கிளில் சீட் இல்லை. வெறும் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

அம்மா படியில் நின்றிருந்தார். ஒரு கையில் சீட், மறு கையில் ஸ்பேனர்.

"அம்மா, இது என்ன?"

"உங்க சீட்டு. இங்கயே இருக்கட்டும். பஸ்ல போங்க. பஸ்லயும் நின்னுக்கிட்டே போங்க."

"என்னம்மா இது! ஞானம் தேடி வந்தவனுக்கு இதுதான் ஞானமா?"

"இல்ல. இது ஸ்பேனர்."

நல்லசிவம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் விட்டார். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. வீம்புக்கு உட்கார்ந்தே போனார். ஒவ்வொரு வளைவிலும் அந்த வீம்பு அவரைக் குத்தியது.

அந்த வாரமே புதிய சீட் வாங்கிக்கொண்டுபோய் மாட்டினார். பழையதைவிட ஒடுக்கமானது. பழையதைவிடக் கல் மாதிரி. ரேஸ்காரர்கள் போடுவதாம்.

அம்மா அதைப் பார்த்தார். நெற்றியில் ஒரு முறை அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பிரிசில்லா வந்து நின்றாள்.

பிரிசில்லா ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடுகிற பெண். நாள் முழுக்கக் கண்ணாடிக் கவுண்டருக்குப் பின்னால் நாற்காலியில். கூடத்தில் கடைசி வரிசையில் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டுப் போவாள். அன்று நல்லசிவத்தைத் தேடி வந்து ஒரு டம்ளர் சுக்குக் காப்பியைக் கையில் கொடுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, எனக்கும் வந்துடுச்சு."

"என்னம்மா?"

"மூலாதாரம். உங்களுக்கு எங்க வந்துச்சோ அதே இடத்துல. முதல்ல நான் புரியாம டாக்டர்கிட்ட எல்லாம் போனேன். மாத்திரை குடுத்தாங்க, ஏதோ பயிற்சி சொன்னாங்க. உங்களப் பாத்ததுக்கு அப்புறம் எல்லாத்தையும் விட்டுட்டேன். நீங்க அசையாம உட்கார்றீங்கல்ல, நானும் அசையறதே இல்ல."

நல்லசிவத்தின் கையில் டம்ளர் சுட்டது.

"ரெண்டு நாளா இடது கால் மரத்துப்போகுது அண்ணா. செருப்பு கழண்டா கூடத் தெரியல. மேல ஏறுறதுக்கு முன்னாடி அப்படி இருக்குமா?"

"நிச்சயம் இருக்கும்!" என்றார் பக்கத்தில் நின்ற குப்புராஜ்.

பிரிசில்லா அவரைப் பார்க்கவில்லை. நல்லசிவத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது... பாப்போம்மா" என்றார் நல்லசிவம்.

அந்த வாரம் அவருக்கு ஒரு கோடு நேராக வரவில்லை. படுக்கையறைக்குக் கதவே இல்லாமல் ஒரு பிளானை வரைந்து அனுப்பிவிட்டு இன்ஜினியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் கூடத்துக்குப் போய்விட்டார். அம்மா பாய்களை உதறி விரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்தப் பிரிசில்லா இருக்கே..."

"தெரியும்."

"காலு மரத்துப்போகுதாம்."

"தெரியும்."

"நீங்க கொஞ்சம் சொல்லக்கூடாதா? டாக்டர்கிட்ட போகச் சொல்லி?"

அம்மா பாயைத் தூக்கிப் போட்டார். அவர் முகத்தில் இதுவரை நல்லசிவம் பார்க்காத சலிப்பு.

"சொல்லாம இருப்பேனா? போன வாரமே கையப் பிடிச்சு சொன்னேன். தினம் போன் போட்டுச் சொல்றேன். அது என்ன சொல்லுது தெரியுமா? 'நல்லசிவம் அண்ணா போகலையே'ங்குது."

நல்லசிவம் காலால் ஒரு பாயை நேராக்கினார்.

"உங்க கண்ணுல தண்ணி ஏன் வருது?" என்று கேட்டார் அம்மா.

"அம்மா..."

"ஏன் வருது?"

"வலியில."

"என்கிட்ட எதுக்கு சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. அங்க சொல்லுங்க."

"எல்லாருக்கும் முன்னாடியா?"

"எல்லாரும்தானே பாத்தாங்க."

"கடைசியில சொல்லிடறேம்மா. தியானம் முடிஞ்சதும்."

"உங்க இஷ்டம்."

அம்மா அடுத்த பாயை உதறினார். தூசி நல்லசிவத்தின் முகத்தில் அடித்தது.

ஆட்கள் வந்தார்கள். முன்வரிசையில் அவருக்கான இடம் காலியாக இருந்தது. பழக்க தோஷம், போய் உட்கார்ந்துவிட்டார். பிரிசில்லாவும் அன்று முன்வரிசைக்கே வந்திருந்தாள். இடது காலை இரண்டு கையாலும் பிடித்து மடக்கி வைத்தாள், யாருடைய காலையோ எடுத்து வைக்கிற மாதிரி. பிறகு அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

மணி அடித்தது. கூடம் அடங்கியது.

முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார் நல்லசிவம். ஒரு மணி நேரம்தானே. என்ன ஆகிவிடப்போகிறது? முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, பக்குவமாக...

ஆணி இறங்க ஆரம்பித்தது. வழக்கம்போலக் கண்ணில் தண்ணீர் கட்டியது.

பின்னால் யாரோ மெதுவாக, "ஆரம்பிச்சிடுச்சு" என்றார்கள்.

நல்லசிவம் கண்ணைத் திறந்து பக்கத்தில் பார்த்தார்.

பிரிசில்லாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. மேலுதட்டில் வியர்வை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூடிய கண்களிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. உதட்டோரத்தில் மட்டும் ஒரு சிரிப்பு, வலுக்கட்டாயமாகப் பிடித்து வைத்த மாதிரி.

தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. இதையா எல்லோரும் ஆனந்தம் என்றார்கள்?

தரையில் கையை ஊன்றினார்.

"அய்யோ!"

தகரக் கூரையில் பட்டு அந்தச் சத்தம் திரும்பி வந்தது. எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். நல்லசிவம் பாதி எழுந்த நிலையில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, குனிந்து நின்றார். பிறகு ஒரு வழியாக நிமிர்ந்தார்.

"வலிக்குதுங்க" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவ்வளவுதாங்க. முதல் நாள்லேருந்தே வலிதான். சைக்கிள் சீட்டு, ஆபீஸ் நாற்காலி, இந்தத் தரை. வேற ஒண்ணுமில்ல. டாக்டர் சொன்னார், நான் கேக்கல. நீங்க பழம் வெச்சீங்க, நான் தின்னுட்டேன்."

பிரிசில்லாவைப் பார்த்துத் திரும்பினார்.

"எந்திரிம்மா."

"அண்ணா, இன்னும் மணி அடிக்கலையே..."

"அடிக்க வேண்டாம். எந்திரி. உங்க ஆஸ்பத்திரிக்கே போலாம். நானும் வர்றேன். நானும் காட்டிக்கறேன்."

அவள் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக என்னென்னவோ வந்து போனது. முதலில் ஏமாற்றம். பிறகு கோபம். அறைந்துவிடுவாளோ என்றுகூட நல்லசிவத்துக்குத் தோன்றியது. அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றார்.

"ஏன் அண்ணா முதல்லயே சொல்லல?" என்றாள்.

அவர் கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த தூணைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்தாள். எழும்போது அவளும் கத்தினாள். காலை இழுத்து இழுத்து வாசலுக்கு நடந்தாள். வாசற்படியில்தான் தடுமாறினாள். அப்போது பின்னால் வந்த நல்லசிவத்தின் தோளைப் பற்றிக்கொண்டாள். விடவில்லை.

உள்ளே ஒரே முணுமுணுப்பு. நல்லசிவம் குனிந்து அவளுடைய செருப்பைத் தேடி எடுத்து, இடது காலில் மாட்டிவிட்டார்.

கூடத்திலிருந்து குப்புராஜின் குரல் கேட்டது.

"அம்மா, நல்லசிவம் பாதியில எழுந்துட்டாரே. இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

துளசிமணி அம்மாவின் குரலும் கேட்டது.

"எழுந்துட்டார்னு அர்த்தம்."