மோலிகளின் ஆட்டம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மீசை இப்போதே உதிரட்டும். கொளத்தூரில் ஒரு தெரு. அங்கே போர்வெல் தண்ணீர் அப்படியொரு கடினம். குடத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் கொஞ்ச நேரம் குடம் மாதிரியே நிற்கும். பிறகுதான் யோசித்து விழும்.

அந்தத் தெருவில்தான் மாசிலாமணி இருந்தார், ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு. மகள் எழில் புனேவுக்கு வேலைக்குப் போகும்போது மீன் தொட்டியை அவர் பொறுப்பில் விட்டுப் போனாள். உள்ளே செடிகள், ஆறு கறுப்பு மோலி மீன்கள். வளர்க்கக் கற்றுக்கொடுத்தவர் வளர்ப்பு மீன் கடை ஜுபைதா. அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் மாசிலாமணிக்கு அவர் 'வாத்தியாரம்மா'தான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை எழில் வருவதாக இருந்தது. தொட்டிக் கண்ணாடியிலும் இலைகளிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிவு. மாசிலாமணி கடைக்குப் போனார்.

"இந்தத் தண்ணியை மாத்தணும், வாத்தியாரம்மா."

"மோலிக்கு இந்தத் தண்ணிதான் சார் சுகம். செடிக்காக வேணும்னா தினம் ஒரு ஜக் எடுத்துட்டு, ஒரு ஜக் கேன் தண்ணி ஊத்துங்க."

"ரெண்டு மாசம் ஆகுமே!"

"ஆகும்."

ஒரு வண்டியைக்கூடத் தாமதமாக அனுப்பாத மனிதர். வீட்டுக்குப் போனார். தொட்டியை மொத்தமாகக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, நாலு கேன் தண்ணீரை ஊற்றினார். தொட்டி பளிங்கு. சற்று நேரத்தில் மோலிகள் நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக ஆடத் தொடங்கின. அடடா! வீடியோ எடுத்து மகளுக்கு அனுப்பினார்: "நல்ல தண்ணி கிடைச்ச குஷியைப் பாரும்மா!" எழில் வரிசையாக இதயப் படங்கள் அனுப்பினாள்.

விடிந்தபோது ஐந்து மிதந்தன. ஆறாவதைப் பாத்திரத்தில் ஏந்திக்கொண்டு கடைக்கு ஓடினார்.

ஜுபைதா பாத்திரத்தை வாங்கி மேஜைமேல் வைத்தார். காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, கடையின் போர்வெல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பாத்திரத்தில் விட்டார்.

"முடிச்சை அவுத்துடுங்களேன். சீக்கிரம் சேரட்டும்."

"இன்னுமா அவசரம், சார்?"

பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார் மாசிலாமணி. மத்தியானம் அந்த மோலியும் வயிற்றைக் காட்டிவிட்டது.

"நல்ல தண்ணிதானே கொடுத்தேன்?"

"உங்களுக்கு நல்ல தண்ணி."

பாத்திரத்தைப் பார்த்தபடி மாசிலாமணி கேட்டார்: "எழில்கிட்ட நான் என்னன்னு சொல்வேன்? உசுருக்குத் துடிச்சதைக் குஷின்னு அனுப்பியிருக்கேன். எவனாவது இப்படிப் பண்ணுவானா?"

ஜுபைதா குழாயைச் சுருட்டி வைத்தார்.

"என் முதல் தொட்டியிலயும் ஆடிச்சு, சார்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"புள்ளைங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். எல்லாரும் சேர்ந்து கை தட்டினோம்."

மாசிலாமணி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

நீங்களும் கேட்காதீர்கள். கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யாரென்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அந்தக் கடையில் எனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருக்கிறது.