செம்பு வராத கல்

போதும்பொண்ணுக்கு முப்பத்தாறு வயது. அவளுடைய ஆய்வு வழிகாட்டி மரியநளினிக்கு முப்பத்து மூன்று. வேதியியல் கூடத்தில் வயதுக்கு என்ன வேலை? ஐந்து வருஷமாக மூத்தவள் சிஷ்யை, இளையவள் குரு.

முனைவர் பட்டம் வாங்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. அப்பா ஒச்சப்பன் உசிலம்பட்டியிலிருந்து பெயர் மாற்றும் விண்ணப்பத்தோடு வந்து இறங்கினார். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததும், இனிப் பெண் வேண்டாம் என்று சாமிக்குச் சொல்ல அந்தப் பேரை வைத்த புண்ணியவான் அவரேதான். இப்போது சொந்தபந்தத்தோடு மேடைக்கு எதிரே உட்காரப் போகிறவரும் அவர்தான். புவனசுந்தரி என்று எழுதியே கொண்டுவந்திருந்தார். கையெழுத்து மட்டும் பாக்கி.

அவளுக்கும் போதும்பொண்ணு என்ற பேர் பிடிக்காது. ஆனால் அப்பாவின் அவசரம் அதைவிடப் பிடிக்கவில்லை.

"போட்டுரவா மேடம்?" என்று வழிகாட்டியிடம் கேட்டாள்.

மரியநளினி அலமாரியிலிருந்து ஒரு கல்லை எடுத்து ஒச்சப்பனிடம் நீட்டினார்.

"இது என்னங்கய்யா?"

"செம்புக் கல்லு. நெறத்தப் பாத்தாலே தெரியுதே."

"ஜெர்மனியில சுரங்கம் வெட்டினவங்களும் அப்படித்தான் நினைச்சாங்க. உருக்கிப் பார்த்தா செம்பு வரலை. குட்டிச்சாத்தான் உள்ள உட்கார்ந்து ஏமாத்துதுன்னு கல்லைத் திட்டினாங்க. சாத்தான் பேரையே அதுக்கு வச்சுட்டாங்க. நிக்கல்."

"எவர்சில்வர்ல கலக்குறாங்களே, அதா?"

"அதேதான். உள்ள இருந்தது யாருக்கும் தெரியாத புது உலோகம்னு ரொம்ப நாள் கழிச்சு ஒருத்தர் கண்டுபிடிச்சார்."

"அதுக்குப் பெறகாச்சும் நல்ல பேரா மாத்தலையா?"

"மாத்தலை."

போதும்பொண்ணு கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் தேடியது செம்பு. கல் என்ன தப்புச் செய்தது? விண்ணப்பத்தை மடித்து அப்பாவிடமே கொடுத்தாள்.

"நான் போடலப்பா. நீங்க வச்ச பேரு அப்படியே இருக்கட்டும்."

ஒச்சப்பன் மரியநளினி பக்கம் திரும்பினார். "நீங்களாச்சும் சொல்லுங்கம்மா. அத்தன சனத்துக்கு முன்னால மைக்குல அந்தப் பேரக் கூப்புட்டா, நான் எப்படிக் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்?"

மரியநளினி கல்லை வாங்கிக்கொண்டார்.

"அவங்க முப்பத்தாறு வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்காங்க. நீங்க ஒரு நாள் கேளுங்கய்யா."