குறுகிய வாசகம்

"இதை யார் கேட்பார்கள், சாமி?" என்றார் சின்ன சாமி.

நற்செய்தி நூல் மேசைமேல் திறந்து கிடந்தது. நாளைய வாசகம், மத்தேயு முதல் அதிகாரம். ஆபிரகாமின் மகன் ஈசாக்கு. ஈசாக்கின் மகன் யாக்கோபு. இப்படியே ஒரு பக்கம் முழுக்க முன்னோர் பெயர்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சின்ன சாமி, அதாவது உதவிப் பங்குத்தந்தை ஸ்தனிஸ்லாசுக்கு வயது ஐம்பத்து மூன்று. வங்கியில் வேலை பார்த்து, மனைவி இறந்த பிறகு குருமடம் போனவர். தலை பூராவும் நரை. பங்குத்தந்தை வலேரியனுக்கு முப்பத்தாறுதான். ஆனாலும் அவர்தான் பெரிய சாமி. எங்கள் கடற்கரையில் பதவியைத்தான் பார்ப்போம், தலைமயிரை அல்ல.

"நாளைக்கு மாதா பிறந்தநாள். இந்த ஊரில் எனக்கு முதல் திருவிழாப் பிரசங்கம். நான் வாயைத் திறந்தாலே ஆம்பிளைகள் எழுந்து வெளியே போய் பீடி பற்றவைக்கிறார்கள். போன ஞாயிறு ஆம்பிளைகள் பக்கம் மிஞ்சியது நாலு பேர். அதில் ஒருவர் தூங்கிவிட்டார்."

"மூன்று பேர் கேட்டார்களே," என்றார் பெரிய சாமி.

"அதில் இரண்டு பேர் அவரை எழுப்பிக்கொண்டிருந்தார்கள்."

பெரிய சாமி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"நாளைக்கும் இப்படி ஆனால் ஆயரிடம் போய் அலுவலக வேலை கேட்டுவிடுவேன், சாமி. நான் பேச லாயக்கில்லை என்று ஆகிவிடும்." அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"என்ன செய்யலாம் என்கிறீர்கள்?"

"குறுகிய வாசகம் என்று ஒன்றுக்கு அனுமதி இருக்கிறது. பெயர்ப் பட்டியலை விட்டுவிட்டு சூசையப்பர் கதையிலிருந்து தொடங்கலாம். செத்துப்போனவர்கள் பெயரை வரிசையாக வாசித்தால் யாருக்கு என்ன?"

"நியாயம்தான். இன்று சாயந்தரம் கடைசி நவநாள் பூசை உங்களுடையது. அதிலேயே குறைத்துப் பாருங்கள்."

"அதில் எதைக் குறைக்க?"

பெரிய சாமி கருத்து நோட்டை எடுத்து நீட்டினார். பூசை யார் யாருக்காக என்று ஊர்க்காரர்கள் எழுதிவைக்கும் நோட்டு அது. பூசைக்கு முன் மைக்கில் வாசிக்க வேண்டும். முக்கால்வாசி இறந்தவர்கள். அன்றைக்கு அறுபத்து மூன்று பெயர் இருந்தது.

சின்ன சாமிக்கு ஏகப்பட்ட சந்தோசம். பாவம்.

சாயந்தரம் மைக்கைப் பிடித்தார். முதல் மூன்று பெயரை வாசித்தார். "மற்றும் பலருக்காக," என்று முடித்தார். பாடல் குழுவைப் பார்த்துத் தலையாட்டினார்.

பூசை முடிந்து உடுப்பைக் கழற்றுவதற்குள் அறை வாசலில் கூட்டம். முன்னால் நின்றவர்கள் எல்லாம் பீடிக்காரர்கள்.

"சாமி, அந்த மற்றும் பலர்ல எங்க அய்யா எத்தனாவது ஆளு?"

"எங்க அம்மாவ உசிரோட இருக்கும்போதே ஒருத்தரும் மதிக்கல. செத்த பொறவும் மற்றும் பலர்தானா?"

சின்ன சாமி திகைத்துப்போனார். "நீங்களெல்லாம் உள்ளேயா இருந்தீர்கள்?"

"பேரு வாசிக்கிற வரைக்கும் உள்ளதான் சாமி இருப்போம். பொறவுதான் வெளிய போறது."

கூட்டத்துக்குப் பின்னால் பிரகாசி நின்றாள். அவள் சத்தம் போடவில்லை.

"எங்க வீட்டுக்காரர் கடலுக்குப் போயி பதினோரு வருசமாச்சு சாமி. உடம்பு கிடைக்கல. கல்லறையும் கிடையாது. வருசத்துல இந்த ஒரு நாள்தான் அவர் பேர ஊரு கேக்கும்."

தன் மனைவியின் பெயரை ஒவ்வொரு பூசையிலும் மனசுக்குள் சொல்லுகிறவர் சின்ன சாமி. வெட்கமாகிவிட்டது.

எல்லாரையும் மறுபடி கோயிலுக்குள் வரச் சொன்னார். மைக்கைப் போட்டு முதலிலிருந்து வாசித்தார். "மிக்கேல்," என்றதும் நாலா பக்கமும் குரல்.

"எந்த மிக்கேல்? ஊர்ல ஏழு மிக்கேல் இருக்கு. யாரு மகன்னு சொல்லுங்க சாமி."

"தொம்மையின் மகன் மிக்கேல்."

"தொம்மையும் ரெண்டு பேரு இருக்காங்களே."

"சரி. கஸ்பாரின் மகன் தொம்மை. தொம்மையின் மகன் மிக்கேல்."

சொல்லும்போதே சின்ன சாமிக்கு மத்தேயுவின் பட்டியல் ஞாபகம் வந்தது. பிறகு அடுத்த பெயருக்குப் போனார். அறுபத்து மூன்றும் முடியும்வரை ஒருத்தரும் அசையவில்லை.

மறுநாள் திருவிழாப் பூசையில் அவர் முழு வாசகத்தையும் வாசித்தார். ஒவ்வொரு பெயராக, அவசரமே இல்லாமல் வாசித்தார். பீடிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். பிரசங்கம் ஆரம்பித்ததும் ஐந்தாறு பேர் எழுந்து போனது உண்மைதான். அவர்களை மாதாவே வந்தாலும் உட்காரவைக்க முடியாது.

பூசை முடிந்ததும் பிரகாசி உள்ளே வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"இன்னைக்கும் ஒரு பேர விட்டுட்டீங்க சாமி."

"இல்லையே அம்மா. இருந்ததை எல்லாம் வாசித்தேனே."

"அந்தப் பட்டியல்ல வர்ற பொம்பளைகள்ல தாமார்னு வாசிச்சீங்க. ராகாபுன்னு வாசிச்சீங்க, ரூத்துன்னு வாசிச்சீங்க. அடுத்தவ வந்ததும் உரியாவின் மனைவின்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டீங்க. அவளுக்குப் பேரு கிடையாதா?"

சின்ன சாமி பெரிய சாமியைப் பார்த்தார். பெரிய சாமி கூரையைப் பார்த்தார்.

"பத்சேபா," என்றார் சின்ன சாமி. "மத்தேயு அதை எழுதாமல் விட்டுவிட்டார் அம்மா."

"அவருக்கு என்ன அவசரமோ. நாளைக்குப் பூசையில சேத்துக்கோங்க."

சின்ன சாமி கருத்து நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். "உரியாவின் மனைவி பத்சேபா என்று போடவா?"

"வேண்டாம் சாமி. அவ பேர மட்டும் போடுங்க."