மேகராசு வாங்கிய தகடு

ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னால், மாடிமேல் மாடியாக வளர்ந்துகொண்டே போன பொன்வேலிப் பட்டணத்தை உதயமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். ஆளுகிற வேலையைவிட அவனுக்குக் கேள்வி கேட்கிற வேலைதான் பிடிக்கும். பாம்பு கொட்டாவி விடுமா, முறுக்கை முதலில் முறுக்கியவன் யார், இப்படி என்னத்தையாவது கேட்பான். பதில் பிடித்தால் முத்துமாலை, பிடிக்காவிட்டால் வசவு. எது கிடைக்கும் என்பது காலையில் அவன் சாப்பிட்ட இட்லி செரித்ததா இல்லையா என்பதைப் பொறுத்தது.

அந்தப் பட்டணத்தில் ஒரு சட்டம் இருந்தது. பிறத்தியாருக்கு வீடு கட்டிக்கொடுக்கிற ஒப்பந்தக்காரர் எவரானாலும் அரண்மனை முத்திரை குத்திய செப்புத் தகடு ஒன்றைக் கழுத்தில் கட்டியிருக்க வேண்டும். தகடு கொடுப்பதும், தப்பு செய்தால் பிடுங்குவதும் அம்பலராயர் பொறுப்பு. சட்டம் என்னவோ நல்ல சட்டம்தான். ஆனால் ராயர் ஆளைப் பார்க்கமாட்டார், ஆள் கொண்டுவருகிற தாம்பாளத்தைத்தான் பார்ப்பார். பலாப்பழமும் நெய்க்குடமும் போனால் தகடு வரும். வெறுங்கையோடு போனவர்கள் வாசலில் காய்ந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அப்படிக் காய்ந்தவர்களில் ஒருத்தி வெள்ளைத்தாய். சுவர் எழுப்புவதில் கெட்டிக்காரி, வாயும் கொஞ்சம் நீளம். தாம்பாளம் தூக்கமாட்டேன் என்றுவிட்டாள், அதனால் தகடும் இல்லை. பிழைக்க வேண்டுமே! கடைத்தெருவில் எண்ணெய்ச் செட்டியாருக்குத் தகடு இல்லாமலே ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து மனையில் அரண்மனைச் சத்திரம். அதைக் கட்டியவன் ராயரின் மருமகன் சிங்காரம். வெள்ளை அடித்து ஈரம்கூடக் காயவில்லை, ஒரு சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, உள்ளே ஆளில்லை.

செய்தி போவதற்குள் ராயர் ஓடினார் ராஜாவிடம். தகடில்லாத பொம்பளை ஒருத்தி பக்கத்தில் அஸ்திவாரம் தோண்டினாள், அந்த அதிர்வில்தான் சத்திரம் சாய்ந்தது என்று சொல்லி அழாத குறை. அன்றைக்குப் பார்த்து இட்லி செரிக்கவில்லை. அவள் சாந்து பூசுகிற கரணையையும் மட்டக்கோலையும் பிடுங்கிக்கொண்டு அவளைப் பட்டணத்தைவிட்டு விரட்டுங்கள் என்று ராஜா சொல்லிவிட்டான்.

மந்திரி திருமேனி தொண்டையைச் செருமினார். ராஜா எதற்கெடுத்தாலும் அவரிடமே கேட்பதால் ராயருக்கு அவரைக் கண்டாலே வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, எனக்கு ஒரு சந்தேகம். தகடு உள்ளவர் கட்டின சுவர் விழுந்திருக்கு. தகடில்லாதவள் கட்டின சுவர் நிக்குது. அப்போ எதைப் பார்த்துத்தான் தகடு கொடுக்கிறாங்க?"

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான். கேள்வி அவனுக்குப் பிடித்துவிட்டது.

"ஒவ்வொருத்தரையும் நேரில் வரவழைச்சு, என் கண்முன்னால் சுவர் கட்டச் சொல்லி, திருப்தியான பிறகுதான் கொடுக்கிறேன்" என்றார் ராயர். மந்திரிக்கு மண்ணும் தெரியாது, சுண்ணாம்பும் தெரியாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

அப்படியில்லை என்று காட்டுகிறேன், பௌர்ணமிவரை தவணை வேண்டும் என்று கேட்டார் திருமேனி. ராஜா கொடுத்தான். காட்டாவிட்டால் வெள்ளைத்தாயோடு நீரும் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றும் சொல்லிவைத்தான்.

மறுநாள் ராயர் வீட்டு வாசலில் இருளப்பன் என்று ஒருவன் பெரிய தாம்பாளத்தோடு வந்து நின்றான். தங்கள் பெரியவர் மேகராசுவுக்குத் தகடு வேண்டும் என்றான். பெரியவருக்கு என்ன வேலை தெரியும் என்று ராயர் கேட்டார், கண் மட்டும் நெய்க்குடத்தின்மேல் இருந்தது. மரம் தூக்குவார், கல் சுமப்பார், நெடுங்காலமாக அரண்மனை ஊழியம் என்றான் இருளப்பன். அத்தனையும் சத்தியம். "அவரால இந்த வாசல்ல நுழைய முடியாதுங்க, கொஞ்சம் பருத்த உடம்பு" என்றும் தயங்கிச் சொன்னான்.

"அவர் எதுக்கு வரணும்? அதான் தாம்பாளம் வந்துடுச்சே" என்று ராயர் தகட்டை எடுத்து நீட்டினார்.

பௌர்ணமி அன்று சபை கூடியது. மேகராசு என்ற ஒப்பந்தக்காரரை ராயர் நேரில் பார்த்துத்தான் தகடு கொடுத்தாரா என்று திருமேனி கேட்டார். அருமையான வேலைக்காரர், என் கண்முன்னால் கட்டிய சுவரைக் கடப்பாரையால்கூட அசைக்க முடியவில்லை என்று ராயர் அடித்துச் சொன்னார். அப்படியானால் முற்றத்துக்கு வாருங்கள் என்றார் மந்திரி.

முற்றத்தில் பாகன் இருளப்பன் நின்றான். பக்கத்தில், கழுத்தில் செப்புத் தகடு பளபளக்க, அரண்மனை யானை மேகராசு காதை ஆட்டிக்கொண்டிருந்தது.

ராஜா தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுடைய முத்திரையேதான். சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான்.

"தகடு வாங்கினவர்தானே மகாராஜா, சத்திரம் ஏன் விழுந்ததுன்னு அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லலாமே" என்றார் திருமேனி.

ராஜாவுக்கு ஆவல் தாங்கவில்லை. ஊரே பின்னால் வர, யானை கடைத்தெருவுக்குப் போனது. யானைக்கு முதுகு அரிக்காத நேரம் உண்டா? சத்திரத்தில் மிஞ்சி நின்ற சுவரில் லேசாக உரசியது. அவ்வளவுதான், சுவர் பொலபொலவென்று கொட்டியது. சுண்ணாம்பு பேருக்குத்தான் இருந்தது, மற்றதெல்லாம் மணல். அடுத்து வெள்ளைத்தாய் கட்டிய சுவருக்குப் போனது. வெள்ளைத்தாய் சுவரோரம் நின்றவர்களை விலக்கிவிட்டாள், செட்டியார் கண்ணை மூடிக்கொண்டார். யானை முதுகைச் சாய்த்துத் தேய்த்தது, மறுபக்கம் திரும்பியும் தேய்த்தது. சுவர் அசையவில்லை. மேகராசுவுக்குச் சுகம் கண்டுபோய் அங்கிருந்து வரவே மனசில்லை.

ராஜா சிங்காரத்தின் தகட்டைப் பிடுங்கச் சொன்னான். யானையின் கழுத்திலிருந்த தகட்டைத் தானே அவிழ்த்து வெள்ளைத்தாயிடம் கொடுத்தான். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, "யானை வாடை அடிக்குது. பரவாயில்லை மகாராஜா, இதுவாச்சும் நேர்மையா வேலை செஞ்சவர் கழுத்துல கிடந்தது" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

ராயர் காலில் விழுந்தார். பதவியைப் பறிக்கவில்லை ராஜா. இனிமேல் தகடு கேட்கிறவர் கட்டிக் காட்டுகிற சுவரில் மேகராசு ஒரு பக்கம் முதுகு தேய்க்க வேண்டும், ராயர் மறுபக்கம் ஒட்டி நிற்க வேண்டும் என்று மட்டும் உத்தரவு போட்டான்.

அதற்கப்புறம் ராயர் தாம்பாளத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. சுண்ணாம்பை நாக்கில் வைத்துச் சோதிக்கிற அளவுக்கு வந்துவிட்டார். அவர் இருந்த வரைக்கும் பொன்வேலிப் பட்டணத்தில் ஒரு சுவர்கூட விழவில்லை.